பெற்றோர் விருப்பத்தின்பேரில்

பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, போன மாதம் இப்போதைய கிளார்க் அம்மணி என் வீட்டுக்கு வந்திருந்தார். "ஐயா, நீங்கதானுங்க பழைய ஆளு. ஆரம்பிச்சது, கட்டடம் கட்டுனது, நூத்துக்கு நூறு வாங்குனது, எல்லாம் வர்ற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். கையில் ஒரு பழைய சேர்க்கைப் பதிவேடும் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். சில இடங்களில் என் கையெழுத்து புரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் என்றார். நாலைந்து வரி படித்துச் சொன்னேன். பக்கத்தைத் திருப்பியதும் ஒரு வரி வந்தது. "கண்ணு செரியாத் தெரியலை அம்மணி, இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. போன வருஷம்தான் புரை நீக்கினார்கள்.

வரலாறு கேட்டார்கள், சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூருக்கும் அவிநாசிக்கும் நடுவில், சேலம் ரோட்டை ஒட்டி, ஒரு பருத்திக் கிட்டங்கியில் எங்கள் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் சுவரோரம் மக்கிய பஞ்சு வாடை வரும். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் நாலு ஏக்கர் பூமியை எழுதிக் கொடுத்தார். ஜில்லா போர்டு ஏற்று நடத்தியது. பள்ளிக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. பக்கத்து ஆலையில் சங்கு பிடித்ததும் பியூன் மணி அடிப்பார். ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் எங்களுக்குப் பத்து மணி எப்போது என்று தெரியாது.

நான் ஐம்பதுகளின் நடுவில் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் லோயர் முடித்தவன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பதிவேட்டில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் பிழைத்தேன். தொழில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. முன்னால் இருந்தவர் விட்டுப்போன பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அவர் செய்த தப்பையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலரில் அவர் படம் முழுப் பக்கத்துக்கு வரும் என்று கேள்விப்பட்டேன், வரட்டும். உழைப்பாளி. மணி அடிக்கும் முன்னால் வாசலில் நிற்பார். ஒரு பிள்ளையைக் கை நீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. பியூனிலிருந்து ஆறாம் வகுப்புப் பையன் வரைக்கும் எல்லோருக்கும் 'ங்க'தான். எங்கள் பக்கத்து மரியாதை ஊர் அறிந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் "ஏனுங்க, அந்தப் பக்கம் போறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவோம். அவர் அதில் கைதேர்ந்தவர். அவர் அறைக்குள் போய்விட்டு வருகிறவனுக்குத் தான் வெளியே தள்ளப்பட்டது வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு அனுப்புகிற பிள்ளைகள் அத்தனை பேரும் தேற வேண்டும். முகப்புச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை மாட்டி, வருஷா வருஷம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதச் செய்தார். அவர் வந்த மூன்றாம் வருஷத்திலிருந்து இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்பார். கோபிசெட்டிபாளையத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தார்கள்.

அந்த நூறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பாஸ் போட்டு டி.சி.'

அது இப்படி. பத்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், எல்லாப் பாட மார்க்குகளையும் நான் ஒரு பெரிய பதிவேட்டில் ஏற்றுவேன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஹெட்மாஸ்டர் அறையில் உட்காருவோம். அவரிடம் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் இருக்கும். நான் வரிசை எண்ணைச் சொல்லி மார்க்குகளைப் படிப்பேன். தேறினால் நீலக் கோடு. கொஞ்சத்தில் தவறி, இன்னொரு வருஷம் படித்தால் தேறிவிடுவான் என்று தோன்றினால் சிவப்புக் கோடு, அதே வகுப்பில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் பலகைக்கு ஆகாது என்று அவர் நினைக்கிற பிள்ளைக்கு நீலக் கோடு போட்டு அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். அதற்கு அர்த்தம், பதினொன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி கொடுக்கிறோம், ஆனால் வேறு பள்ளிக்குப் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்பது. தேர்ச்சி கொடுத்துவிட்டதால் பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு டி.சி. வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளையை எந்தப் பள்ளியும் சேர்க்காது. ஏன் வருகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

டி.சி.யில் 'விலகும் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் ஆங்கிலத்தில் எழுதுவது தமிழில் சொன்னால் 'பெற்றோர் விருப்பத்தின்பேரில்'. அதற்குச் சான்றாக, பெற்றோரே கேட்பதுபோல் ஒரு விண்ணப்பத்தையும் நானே எழுதி அவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வேன். வருஷத்துக்கு நாலு பேர், ஐந்து பேர். முதல் வருஷம் கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது. ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்பார்களே, அப்படிப் பெற்றோரையும் சமாதானப்படுத்தி, பலகையையும் காப்பாற்றினோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பையன்களும் மூன்று பெண்களும் படித்தார்கள். பெண்களில் கடைசிப் பெயர் வள்ளியம்மாள். அவள் அப்பா மாரப்பன் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளி. சொந்த ஊர் எங்கள் பக்கம். எஸ்டேட்டில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால், மகளை எங்கள் ஊரில் தன் தங்கை வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். பதினொன்று முடித்துவிட்டால் டீச்சர் டிரெயினிங் போகலாம், அதே எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வரலாம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பள்ளியில் சேர்க்க வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார். "லயத்துல எங்க புள்ளைகளுக்குப் பாடஞ்சொல்ல வாரவீங்க மழைக்குப் பயந்து ஒரு மாசத்துல எறங்கிப்போயிடறாங்க. எம்புள்ள போகமாட்டா, அவ அங்க பொறந்தவ." வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள்.

அந்த வகுப்புக்கு வருஷ நடுவில் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். கோயமுத்தூரில் படிப்பு வரவில்லை என்று இங்கே கொண்டுவந்தார்கள். பள்ளிக்கு இடம் கொடுத்த பெரியவரின் பேரன். கணக்கு வாத்தியார் தன் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை எல்லோருக்கும் கீழே, பெண்களுக்கும் கீழே எழுதிக்கொண்டார். புதிதாக வருகிறவனை அங்கேதான் எழுத முடியும். என் மார்க் பதிவேட்டில் வழக்கம் வேறு. பையன்களை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் பெண்களை எழுதுவோம். ஏன் என்று கேட்டால் தெரியாது, முன்னால் இருந்தவர் அப்படி எழுதியிருந்தார். ஆகவே பேரன் பெயரைப் பையன்களின் கடைசியில், மூன்று பெண்களுக்கு மேலே வைத்தேன்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம் கணக்கு வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. விடைத்தாள்களைத் திருத்தி, பெயர் எழுதாமல் மார்க்குகளை மட்டும் தன் வரிசைப்படி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். சீட்டின் கடைசி நாலு எண்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். 52, 47, 58, 11. அவர் வரிசையில் அவை மூன்று பெண்களும் பிறகு பேரனும். என் வரிசையில் பேரனும் பிறகு மூன்று பெண்களும். மேலிருந்து கீழே மளமளவென்று எழுதினேன். எண்ணிக்கை சரியாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை. பேரனுக்கு 52 விழுந்தது. கடைசியில் இருந்த வள்ளியம்மாளுக்கு 11 விழுந்தது.

ஹெட்மாஸ்டர் அறையில் படித்தபோது அந்தப் பதினொன்றைச் சத்தமாகத்தான் படித்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, "எஸ்டேட்டுப் புள்ளைங்களா? கணக்கு இப்படி இருந்தா செரமமுங்க" என்று சொல்லிவிட்டு நீலக் கோடு போட்டு வட்டம் போட்டார்.

வட்டம் விழுந்தவர்களின் எண்ணை அறிவிப்புப் பலகையில் போடமாட்டோம். வள்ளியம்மாள் மறுநாள் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"சார், என் நம்பரு எழுத மறந்துபோட்டீங்களா சார்?"

"மறக்கலை கண்ணு. கணக்குல போயிருச்சு. அப்பாவைக் கூட்டிட்டு வா."

"கணக்குலீங்களா? ஒரே ஒரு கணக்குதானுங்க சார் விட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் அழவில்லை. கம்பியை விடவில்லை. "பேப்பரை ஒருக்காப் பாக்கறீங்களா சார்" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவில்லை. வேலை கிடந்தது.

மூன்று நாள் கழித்து, டி.சி.க்களை எழுதி முடித்து ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் ஆன பிறகு, வேறு எதையோ தேடி அலமாரியைத் திறந்தபோது கணக்குத் தாள் கட்டு கண்ணில் பட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கட்டை அவிழ்த்தேன். அவள் தாளின் மேலே சிவப்பு மையில் 58 என்று இருந்தது. அடுத்த தாள் பேரனுடையது. அதில் 11.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

அவர் இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"தேர்ச்சிப் பட்டியல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போயாச்சுங்க. இப்பத் திருத்தறதுன்னா இந்தப் புள்ளைக்கு மட்டும் திருத்த முடியாதுங்க, இல்லீங்களா? இந்தப் பையனுக்கும் திருத்தோணும். பதினொண்ணு வாங்குனவனுக்கு வட்டந்தானுங்க போடோணும். இடங்குடுத்தவர் பேரனுக்கு நீங்க டி.சி. எழுதறீங்களா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தப்பு உங்களுதுங்க. நான் உங்களக் குத்தஞ்சொல்லலை, மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். ஆனா மேல எழுதறதுன்னா, ஏன் வந்துச்சுன்னு உங்க விளக்கத்தையும் வெச்சு எழுதோணுமுங்க. உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலைங்களே. வூட்டுல ரெண்டாவது கொழந்தை பொறந்திருக்குதுன்னு சொன்னீங்க, நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க சார்."

"சந்தோசமுங்க. அந்தப் புள்ளைக்கு நாம பாஸ் போட்டுத்தானுங்க குடுக்கறோம். கோயமுத்தூர்ல எங்கியாச்சும் சேந்துக்கட்டும்."

இரண்டு தாளையும் மடித்து என்னிடமே கொடுத்தார். அவர் என்னை மிரட்டினார் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அல்லது போகாமலும் இருந்திருக்கும். ஆலையில் கணக்கெழுதப் போயிருப்பேன். நான் பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மாரப்பன் வந்தார். எஸ்டேட்டில் ஒரு நாள் லீவு கேட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி, மயக்கம் தீராத முகத்தோடு நின்றார். பின்னால் வள்ளியம்மாள். நான் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"கணக்குல மார்க்குப் பத்தலீங்க. ஆனாலும் ஹெட்மாஸ்டர் பாஸ் போட்டுக் குடுக்கறாருங்க. வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்குங்க. இதுல ஒரு கைநாட்டு வெச்சிருங்க."

"இங்கயே இன்னொரு வருசம் இருக்கட்டுமுங்க. பெயிலானாலும் பரவால்லீங்க."

"அதுக்கு வழியில்லீங்க."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "பேப்பரைப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன். "கம்மியாத்தான் இருக்குது."

நாற்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன். வாய்விட்டு ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் இது ஒன்றுதான். மாரப்பன், "ஐயா பாத்துச் சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லி விரலை மைப்பெட்டியில் அழுத்தினார். தேயிலைக் கறை ஏறிய விரல். ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது முறையும் வைக்கச் சொன்னேன்.

விடைத்தாள்களை ஒரு வருஷம் வைத்திருந்து பிறகு எரிப்பது வழக்கம். அந்த வருஷம் பள்ளி திறந்த ஜூன் மாதமே ஹெட்மாஸ்டர், "அலமாரியில எடம் பத்தலீங்களே" என்றார். நான் கட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய் எரித்தேன். 58 என்ற எண் கறுத்துச் சுருளும் வரைக்கும் நின்றேன். பியூனை அனுப்பியிருக்கலாம், ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியும். செப்டம்பரில் என் வேலை நிரந்தரமானது.

பேரன் மறு வருஷம் தனியாக ஆள் வைத்துப் படித்துத் தேறினான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது, அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. பதினொன்று வாங்கிய பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுத்தால் தேறும் என்பதை அவன் காட்டினான். முன்னால் நாங்கள் வட்டம் போட்ட பிள்ளைகள் அத்தனை பேரையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பலகையில் அந்த வருஷமும் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. பெயின்டருக்கு எண்ணைச் சொன்னவன் நான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த தை மாதம் மாரப்பன் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். மடியிலிருந்து அந்த டி.சி.யை எடுத்தார். இரண்டு பள்ளிகளில் அதைக் காட்டியிருக்கிறார். இரண்டிலும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வள்ளியம்மாள் எஸ்டேட்டில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போகிறாள்.

"அதுக்கு வரலீங்க ஐயா. அது அவ தலையெழுத்து. இதுல என்னுங்க எழுதியிருக்குது?"

டி.சி.யை என் முன்னால் விரித்து வைத்தார்.

"அன்னைக்கு பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் இதைப் படிச்சாளுங்க. பாஸுன்னு போட்டிருக்குதாம். அப்பன் விருப்பப்பட்டு நிறுத்தறதாப் போட்டிருக்குதாம். கணக்குல போயிருச்சுங்கறது, நானும் சாரும் பேசி வெச்சுச் சொன்னதுங்கறா. 'நீதான கைநாட்டு வெச்ச'ங்கறா. அதோட எங்கிட்டப் பேச்சு இல்லீங்க. ஒரே வூட்டுல இருக்கறோம், சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப்பக்கம் போயிடறா. ஏனுங்க ஐயா, நான் எப்பங்க விருப்பப்பட்டேன்?"

அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வேற ஒண்ணும் வேண்டாமுங்க. நான் நிறுத்தச் சொல்லலைன்னு ஒரே ஒரு வரி எழுதி, சீல் போட்டுக் குடுங்க. எழுத்துல இருந்தா நம்புவாளுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா."

ஹெட்மாஸ்டர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் தலை நிமிரவில்லை, ஆனால் பேனா நின்றிருந்தது.

"சீல் போட்டுக் குடுத்ததை மாத்தறதுக்கு ரூல் இல்லீங்க" என்றேன்.

"செரிங்க" என்றார் மாரப்பன். டி.சி.யை நாலாக மடித்து மடியில் வைத்தார். "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. வால்பாறை பஸ் எங்கள் ஊருக்கு எட்டாத தூரத்தில் ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கலாம். நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

மாரப்பன் இன்று இருக்க மாட்டார். வள்ளியம்மாள் இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பாள். பொன்விழா மலரை எஸ்டேட் பக்கத்துப் பழைய மாணவர்களுக்கும் அனுப்பப்போவதாகக் கிளார்க் அம்மணி சொன்னார். ஆகவே மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே உள்ளதில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஹெட்மாஸ்டர் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள். கீழே உள்ளதை மட்டும் வெட்டாதீர்கள். என்னிடம் இப்போது சீல் இல்லை.

இப்பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த மா. வள்ளியம்மாள், முழு ஆண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் ஐம்பத்தெட்டு மதிப்பெண் பெற்றுத் தேறினாள். அவள் படிப்பை நிறுத்தும்படி அவளுடைய தந்தை மாரப்பன் கேட்கவில்லை. இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் கேட்டார். அவர் கைநாட்டு வைத்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்.